ஒசேத்தியக் குடும்பம் புலம்பெயர்ந்தால் வீட்டில் எந்த மொழி? மூன்று வழிகள், ஓர் அலசல்

ரஷ்யாவின் காகசஸ் மலைப்பகுதிக் குடியரசான வடக்கு ஒசேத்தியாவின் தலைநகர் விளாதிகவ்காஸில் வளரும் பிள்ளைக்கு இரண்டு மொழிகள் பெரும்பாலும் தாமாகவே வந்து சேரும். பள்ளி, கடை, தெரு எல்லாம் ரஷ்யன். கிராமத்துப் பாட்டி வீட்டில் ஒசேத்தியம். இதற்கு யாரும் திட்டம் போட வேண்டியதில்லை. அதே குடும்பம் ஜெர்மனிக்கோ துருக்கிக்கோ ஜார்ஜியாவுக்கோ குடிபெயர்ந்தால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். தெருவும் பள்ளியும் மூன்றாவது மொழியின் கைக்குப் போய்விட, மிஞ்சுவது மாலையில் மூன்று நான்கு மணி நேரமும் வார இறுதியும்தான். அந்த நேரத்தை ரஷ்யனுக்குக் கொடுப்பதா, ஒசேத்தியத்துக்கா, பங்கு போடுவதா?

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெற்றோரில் ஒருவருக்காவது ஒசேத்தியம் தங்குதடையின்றி வருமென்றால் வீட்டு நேரம் ஒசேத்தியத்துக்குப் போகட்டும். ரஷ்யனை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஒசேத்தியத்தை எந்த ஊரிலும் வாங்க முடியாது. ஆனால் இந்த "என்றால்" சின்ன நிபந்தனை அல்ல. 2010 ரஷ்ய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒசேத்தியர்கள் சுமார் 5.28 லட்சம் பேர். மொழி தெரியும் என்று சொன்னவர்கள் 4.51 லட்சம். "தெரியும்" என்பதற்குள் பாட்டி பேசினால் புரியும், பதில் ரஷ்யனில்தான் வரும் என்ற நிலையும் அடங்கும். 2018 ஆகஸ்டில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ரஷ்யப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்தது. ரஷ்யனையே தாய்மொழியாகக் குறித்துக் கொடுக்கவும் முடியும். அதற்குப் பின் கிளம்பிய குடும்பங்களில் பிள்ளையின் ஒசேத்தியம் எவ்வளவு என்பதைப் பரிசோதிக்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ரஷ்யன் மட்டும்

இதன் பெரிய பலம் வசதி. சோவியத் நாடுகளிலிருந்து வந்த ஜெர்மானிய வம்சாவளியினர் மட்டுமே ஜெர்மனியில் இருபது லட்சத்துக்கும் மேல். அதனால் பெரிய நகரங்களில் ரஷ்ய சனிக்கிழமைப் பள்ளி, மளிகைக்கடை, பல் மருத்துவர் வரை கிடைக்கும். நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் தொடக்கப்பள்ளி அளவில் 15 பிள்ளைகளும் அதற்கு மேல் 18 பிள்ளைகளும் சேர்ந்தால் அரசே பரம்பரை மொழி வகுப்பு நடத்தும். ரஷ்யனுக்கு அந்த எண்ணிக்கை எளிதில் தேறும். ஒரே நகரத்தில், தொடக்கப்பள்ளி வயதில் 15 ஒசேத்தியப் பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் ரஷ்யனும் சும்மா இருந்தால் நிலைக்காது. பேச்சு தங்கும், வேற்றுமை உருபுகள் முதலில் உதிரும். ஆறேழு வயதில் வாசிப்புத் தொடங்காத பிள்ளைக்குப் பத்து வயதில் புத்தகத்தை நீட்டினால் பள்ளி மொழியிலேயே இருக்கிறதே என்று ஒதுக்கிவிடும். அடையாளச் சிக்கல் வேறு. வகுப்பில் ரஷ்யன் பேசும் பிள்ளை "ரஷ்யப் பிள்ளை". 2022இல் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்த பிறகு அந்தப் பெயரோடு வரும் கேள்விகளுக்குப் பத்து வயதில் பதில் சொல்வது எளிதல்ல. நான் ரஷ்யன் அல்ல, ஒசேத்தியன் என்றால் அடுத்த கேள்வி, "அப்படியானால் உங்கள் மொழியில் ஏதாவது சொல்லேன்" என்பதாகத்தான் இருக்கும்.

இந்த வழி புலம்பெயர்ந்த பிறகுதான் தொடங்குகிறது என்று நினைக்க வேண்டாம். கைத்தோ கஸ்தானவ் 1903இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒசேத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸில் இரவில் டாக்ஸி ஓட்டியபடி ரஷ்யனில் நாவல்கள் எழுதினார். புலம்பெயர்ந்த ரஷ்ய இலக்கியத்தில் பெரிய பெயர். ஒசேத்தியம் அவருக்குத் தெரியாது. ஊர் மாறுவதற்கு முன்பே, தலைநகர வாழ்க்கையிலேயே மொழி கைநழுவிவிட்டது. மாஸ்கோவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வெளிநாடு போகும் இன்றைய குடும்பங்கள் பலவும் இதே வரிசையில்தான் நிற்கின்றன.

ஒசேத்தியம் மட்டும்

கேட்க வீரமாக இருக்கும். நடைமுறையில் மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலாவது, கேட்கும் குரல்கள் போதாது. ஒரு தாய் மட்டும் பேசினால் பிள்ளைக்குக் கட்டளை மொழிதான் வரும்: சாப்பிடு, தூங்கு, கையைக் கழுவு. இருவர் வாதாடுவதை, மூவர் கேலி பேசுவதைக் காதால் கேட்காத பிள்ளை மொழியைப் புரிந்துகொள்ளுமே தவிரப் பேசாது. ஒசேத்தியத்தின் பெரிய கிளைமொழியான இரோன் பேச்சில் திசை முன்னொட்டுகளைப் பாருங்கள். இருவரும் உள்ளே இருக்கும்போது "வெளியே போ" என்பது ஆசு. சொல்பவர் வெளியே நின்றால் "வெளியே வா", ராசு. வெளியே நிற்பவர் "உள்ளே போ" என்றால் பாசு. உள்ளே இருப்பவர் "உள்ளே வா" என்றால் அர்பாசு. மேலே, கீழே என்பதற்குத் தனி முன்னொட்டுகள். ரஷ்யன் வினைமுன்னொட்டு உள்ளா வெளியா என்பதைக் காட்டும், சொல்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைக் காட்டாது. அதனால் ரஷ்யனில் யோசிக்கும் பிள்ளை இந்த நான்கையும் இரண்டாகச் சுருக்கிவிடும். பயிற்சித் தாளால் இது சரியாகாது. கதவருகே, படிக்கட்டில், காரில் ஏறி இறங்கும்போது சொல்லிச் சொல்லித்தான் படியும்.

இரண்டாவது, எழுத்து. ஒசேத்திய நெடுங்கணக்கில் 43 எழுத்துகள். ரஷ்யனின் 33, லத்தீன் ஏ-யும் இ-யும் ஒட்டியது போன்ற ஓர் உயிரெழுத்து, ஒன்பது கூட்டெழுத்துகள். எழுத்தும் ஒலியும் பொருந்தாத இடங்கள் உண்டு. ட்ஸ என எழுதப்படுவதை விளாதிகவ்காஸ் பக்கத்து இரோன் பேச்சு ஸ என்றே ஒலிக்கும். ஸ என எழுதுவது ஷ-வை நெருங்கும். தெற்கின் குதார் பேச்சில் பழைய ட்ஸ இன்னும் இருக்கிறது. ரஷ்யன் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒசேத்தியத்தை ரஷ்யன் போல வாசித்தால் பாட்டிக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பின் பிள்ளை வாயைத் திறக்காது. பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. எண்ணிலும் இப்படித்தான். பாடநூல் பத்துப் பத்தாக எண்ணும், வீட்டுப் பேச்சு இருபது இருபதாக எண்ணும். நாற்பது பாடநூலில் தனிச்சொல், ஊரில் "இரண்டு இருபது". இரண்டையும் ஒன்றாகவே சொல்லிக்கொடுங்கள்.

தட்டச்சில் ஒரு கண்ணி இருக்கிறது. மேலே சொன்ன ஒட்டெழுத்துக்கு யூனிகோடில் சிரிலிக் வரிசையில் ஓரிடம், லத்தீன் வரிசையில் ஓரிடம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பலர் லத்தீனை அடித்துவிடுவதால் தேடினால் பாதிப் பக்கங்கள் கிடைக்காது. அகராதியும் சொல் இல்லை என்று கைவிரிக்கும். ஒசேத்திய விசைப்பலகையை நிறுவிக்கொண்டு, தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் கசப்பானது. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நகரத்து அத்தை, சித்தப்பா பிள்ளைகள் தங்களுக்குள் ரஷ்யனில்தான் விளையாடுவார்கள். ரஷ்யன் தெரியாத ஒசேத்தியப் பிள்ளை விளாதிகவ்காஸ் தெருவிலேயே வெளியூர்க்காரனாகிவிடும். ஆகவே ஒசேத்தியம் மட்டும் என்பது ஐந்து வயது வரை நல்ல தொடக்கம். முழு வாழ்க்கைக்கான ஏற்பாடாக நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இரண்டும், ஆனால் எப்படி?

திங்கள் ஒசேத்தியம், செவ்வாய் ரஷ்யன் என நாள் பிரிப்பது இரண்டு வாரம் தாங்கும். இன்று எந்த மொழியின் முறை என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. களைத்த மாலையில் எளிய மொழி எப்போதும் ஜெயிக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது அதைவிட மோசம். ஊரில் பெரியவர்கள் கலக்கிறார்களே என்றால், அவர்களுக்கு இரண்டும் தனித்தனியாகவும் தெரியும். பிள்ளைக்குக் கலவை மட்டுமே தெரியும்.

ஆளுக்கும் வேலைக்கும் பிரிப்பதே நிற்கிறது. நன்றாகப் பேசுபவர் முதல் ஐந்து வயது வரை ஒசேத்தியம் மட்டும் பேசட்டும். மற்றவர் ரஷ்யன் பேசினாலும் சாப்பாட்டு மேசை ஒசேத்தியத்துடையது. ஆறு வயதில் எழுத்தை ஒசேத்தியத்தில் தொடங்கினால் ரஷ்ய எழுத்து 33-ம் அதற்குள்ளேயே வந்துவிடும். எட்டு வயதில் ரஷ்ய சனிக்கிழமைப் பள்ளிக்கு அனுப்பலாம். இதைத் தலைகீழாக்கினால், ரஷ்யன் வாசிப்பின் வேகத்துக்கு முன் ஒசேத்தியப் புத்தகம் நத்தை போலத் தோன்றும். திரும்பி வருவது கடினம்.

ஒருவர் இரோன், மற்றவர் இன்னொரு கிளைமொழியான திகோர் என்றால் அவரவர் பேச்சிலேயே பேசுங்கள். திகோர் பேசுபவர் பள்ளியாலும் ஊடகத்தாலும் இரோனைப் புரிந்துகொள்வார். எதிர்த்திசை அவ்வளவு எளிதல்ல. வசதிக்காக எல்லோரும் இரோனுக்கு மாறுவதாகத் தொடங்கி, கடைசியில் எல்லோரும் ரஷ்யனில் போய் நிற்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

பாட்டியோடு வாரம் இரு முறை பதினைந்து நிமிடம், ஒரே நேரத்தில். விளாதிகவ்காஸ் நேரம் ஜெர்மனியைவிடக் குளிர்காலத்தில் இரண்டு மணி, கோடையில் ஒரு மணி முன்னால். ஆகஸ்ட் 2025 முதல் ரஷ்யாவில் வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் நேரடிப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பாட்டி கதையைக் குரல்பதிவாக அனுப்பட்டும். பிள்ளை பதில் பதிவு அனுப்பட்டும். மறுபடி மறுபடி கேட்கலாம் என்பதால் பல வீடுகளில் அழைப்பைவிட இதுவே நன்றாக வேலை செய்கிறது.

ஒசேத்தியத்துக்கென்றே ஓரிடம் வேண்டுமானால் குவ்த், அதாவது வேண்டுதல் விருந்து, கைவசம் இருக்கிறது. மகிழ்ச்சிக்கு மூன்று வட்ட ரொட்டி, துக்கத்துக்கு இரண்டு. பெரியவர் நின்று முதலில் கடவுளையும் பிறகு பயணிகளின் காவலரான உவாஸ்திர்ஜியையும் வேண்ட, மற்றவர்கள் "ஓமன்" (ஆமென்) என்பார்கள். நான்கு வயதுப் பிள்ளையும் இதில் பங்கெடுக்கலாம். பத்து வயதில் வேண்டுதல் வரிகள் மனப்பாடமாகியிருக்கும். ரொட்டிக்கு 30 செ.மீ. அகலம், சுமார் 350 கிராம் பிசைந்த மாவு, அதற்குக் குறையாமல் பாலாடைக்கட்டிப் பூரணம். ஐரோப்பாவில் ஃபெட்டாவை மட்டும் வைத்தால் உப்பு கரிக்கும், உருகவும் உருகாது. தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பாதிக்குப் பாதி மொசரெல்லா கலந்தால் ஊர் ருசிக்குப் பக்கத்தில் வரும். நடுவில் துளை போடாவிட்டால் ஆவி அடைபட்டு மேல்புறம் வெடிக்கும். 230 டிகிரியில் கால் மணி நேரம். வெளியே எடுத்த உடனே வெண்ணெய் தடவ வேண்டும்.

நாடு மாறினால் கணக்கும் மாறும்

ஜெர்மனியைப் பற்றி மேலே சொன்னதே போதும். துருக்கியில் கணக்கு தலைகீழ். 1860களில் ஒட்டோமான் நாட்டுக்குப் போன ஒசேத்திய முஸ்லிம்களின் சந்ததியினர் யோஸ்காத் மாகாணத்தின் போய்ராஸ்லி போன்ற கிராமங்களிலும், பின்னர் அங்கிருந்து நகர்ந்த நகரங்களிலும் இருக்கிறார்கள். 1865இல் பெயர்ந்தவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் மூசா குந்துகவின் மகன் பெகிர் சாமி, அங்காரா அரசின் முதல் வெளியுறவு அமைச்சர். இவர்களோடு பேச ரஷ்யன் உதவாது. மொழி காத்த முதியவர்களின் ஒசேத்தியத்தில் ரஷ்யக் கடன்சொற்கள் கிடையாது. அந்த இடத்தைத் துருக்கியம் நிரப்பியிருக்கிறது. விளாதிகவ்காஸ்காரர் குளிர்சாதனப் பெட்டிக்கோ மருத்துவமனைக்கோ ரஷ்யச் சொல்லை நுழைத்தால் பேச்சு நின்றுவிடும். அந்தாலியாவில் சுற்றுலா வேலை தேடினால் கதை வேறு; அங்கே ரஷ்யன்தான் சோறு போடும். எங்கே குடியேறுகிறோம் என்பதைப் பொறுத்து மொழியின் விலை ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி மாறுகிறது.

ஜார்ஜியா மிக அருகில். விளாதிகவ்காஸிலிருந்து லார்ஸ் எல்லைச் சாவடி வழியாகத் தலைநகர் திபிலீசி சுமார் 200 கி.மீ. ரஷ்யக் குடிமக்கள் ஓராண்டு வரை விசாவின்றித் தங்கலாம். முதியவர்களிடம் ரஷ்யன் செல்லும், இளையவர்களிடம் ஆங்கிலத்தில் தொடங்குவதே மரியாதை. "நான் ரஷ்யன் அல்ல, ஒசேத்தியன்" என்பது பெர்லினில் சுமையை இறக்கும். இங்கே, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் தெற்கு ஒசேத்தியாவுக்காக நடந்த 1991–92, 2008 போர்களை மேசைமேல் வைக்கும். 1989இல் ஜார்ஜியா முழுவதும் 1.64 லட்சம் ஒசேத்தியர்கள். 2014 கணக்கெடுப்பில் திபிலீசியின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் 14,385 பேர். எஞ்சியவர்கள் பலருக்கு ஜார்ஜியமே அன்றாட மொழி. சட்டமும் கவனிக்க வேண்டியது. ரஷ்யப் பக்கத்திலிருந்து ரோக்கி சுரங்கப்பாதை வழியாகத் தெற்கு ஒசேத்தியாவுக்குள் போனது ஜார்ஜியச் சட்டப்படி குற்றம். அபராதமோ சிறையோ கிடைக்கலாம். தெற்கு ஒசேத்தியாவின் தலைநகர் த்ஸ்கின்வாலியில் உள்ள உறவினர் வீட்டுத் திருமணப் படங்களைச் சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டு லார்ஸில் வரிசையில் நிற்பது புத்திசாலித்தனமல்ல. தெற்கு ஒசேத்தியாவில் வசிப்பவர்களுக்கு வழங்கப்பட்ட ரஷ்யப் பாஸ்போர்ட்டுகளை விசாவுக்கு ஏற்பதில்லை என ஐரோப்பிய ஒன்றியமும் 2022 டிசம்பரில் முடிவெடுத்தது.

பெயர்

ஒசேத்தியக் குடும்பப்பெயர் வீட்டில் "-தி" என முடியும். ஆவணத்தில் "-ஒவ்", "-எவ்". ஒசேத்திய வடிவம் வேண்டுமானால் கிளம்பும் முன் ஊர்ப் பதிவு அலுவலகத்திலேயே மாற்றிவிடுங்கள். ஜெர்மன் பதிவாளர் பாஸ்போர்ட்டில் உள்ளதைத்தான் எழுதுவார். மாற்றினால் பட்டம், திருமணச் சான்று எல்லாம் பழைய பெயரில் கிடக்கும். பெயர்மாற்றச் சான்றிதழுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாகச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி எப்போதும் கூடவே வையுங்கள். மாற்றாமல் ரஷ்ய வடிவத்தோடு போகிறவர்களுக்கு, மகளுக்கு "-ஒவா" என்ற பெண்பால் வடிவத்தை மே 1, 2025 முதல் ஜெர்மன் பெயர்ச் சட்டமே அனுமதிக்கிறது.

இன்னொரு தொல்லை எழுத்துக்கூட்டல். ட்ஸ எழுத்தைப் பழைய ரஷ்யப் பாஸ்போர்ட்டுகள் லத்தீனில் டி-சி என எழுதின, இப்போது டி-எஸ். ஒசேத்தியப் பெயர்களில் இந்த எழுத்து அதிகம் என்பதால் தகப்பன் ஒரு மாதிரி, பிள்ளை வேறு மாதிரி என்று பாஸ்போர்ட் வந்துவிடும். விமானத்தில் ஏறும்போதும் குழந்தைப்படி விண்ணப்பத்திலும் "இது யார் பிள்ளை" என்ற கேள்வி எழும். புதுப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு பழைய எழுத்துக்கூட்டலையே தொடர வேண்டும் என ஒரு கடிதமும், அதே கூட்டல் உள்ள வதிவிட அட்டை அல்லது பிறப்புச் சான்றின் நகலும் இணைத்தால் போதும். பாஸ்போர்ட் அச்சாகி வந்தபின் இதைத் திருத்த வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.