லிவர் நாலில், ரேட் இருபதில்: ரோயிங் மெஷினோடு சில வருஷங்கள்

ரோயிங் மெஷின், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடுவதுபோல இழுக்கும் உடற்பயிற்சி மெஷின், வைத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "லிவரை எத்தனைல வைக்கணும்?" சக்கரக் கூண்டின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண் போட்ட லிவர் ஒன்று உண்டு. ஜிம்மில் எடை தூக்கிப் பழகியவர்களுக்கு அதைப் பார்த்ததும் கை பத்துக்குத்தான் போகும். என் மெஷினில் அது பெரும்பாலும் நாலில் நிற்கிறது. இத்தனை நாளில் எனக்குக் கூடிய பலம் காலிலிருந்து வந்தது, உடம்பு எந்த வரிசையில் வேலை செய்கிறது என்பதிலிருந்து வந்தது. லிவருக்கு அதில் பங்கு ரொம்பக் கம்மி.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் பள்ளி ஆசிரியை. ஐம்பதை நெருங்குகிறேன். ஓட்டம் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. கோட்டை மைதானத்தில் நடப்பது மனசுக்கு நல்லது, ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை வேலை வாங்காது. அதனால்தான் இது. நான் வைத்திருப்பது கான்செப்ட்2 ரோஎர்க், பிஎம்5 மானிட்டரோடு. முன்பு மாடல் டி என்ற பெயரில் விற்ற அதே மெஷின். கம்பெனி இருப்பது அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில். அதை நிறுவிய டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1976-ல் படகுத் துடுப்பு செய்ய ஆரம்பித்து, 1981-ல் முதல் ரோயிங் மெஷினைக் கொண்டுவந்தார்கள். உலக அளவிலான இண்டோர் ரோயிங் போட்டிகள் இவர்கள் மெஷினில்தான் நடக்கின்றன. விலை லட்சத்தைத் தாண்டும், அதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாதுதான். எங்கள் வீட்டில் அந்த வருஷம் சோபா மாற்றுவது தள்ளிப்போனது.

இந்த வகை மெஷினில் எடை எதுவும் கிடையாது. ஓடும் சீட்டில் உட்கார்ந்து, கால் பலகையைத் தள்ளிக் கைப்பிடியை இழுத்தால் செயின் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தின் இறக்கைகள் காற்றைத் தள்ளும், அந்தக் காற்றுதான் நமக்கு எதிர்ப்பு. லிவர் செய்வது ஒன்றே ஒன்று: கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்று வாசலைத் திறந்து மூடுகிறது. பத்தில் வைத்தால் நிறையக் காற்று, சக்கரம் சீக்கிரம் வேகம் குறையும், அடுத்த இழுப்பு கனமாகத் தெரியும். மூன்று, நாலில் வைத்தால் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், அதை எட்டிப் பிடிக்கக் கால் சுறுசுறுப்பாகத் தள்ள வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதை மானிட்டர் அளந்து, அதை வைத்து நம் வேலையைக் கணக்குப் போடுகிறது. ஆகவே லிவர் எங்கே இருந்தாலும் திரையில் வரும் வாட் நியாயமான வாட்தான்.

லிவர் எண்ணைவிட டிராக் ஃபேக்டரை, அதாவது சக்கரத்துக்குக் காற்று தரும் எதிர்ப்பின் அளவைப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. மானிட்டரில் மோர் ஆப்ஷன்ஸ் போய் டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர் அழுத்தி நாலைந்து முறை இழுத்தால் எண் வரும். என்னுடையதை 110 - 120 பக்கம் வைத்துக்கொள்கிறேன். ஊரில் ஒரு ஜிம்மில் இதே வகை மெஷின் பார்த்தேன். லிவர் பத்தில், டிராக் ஃபேக்டரோ நூறைத் தொடவில்லை. கூண்டின் வலைக்குள் விரல் கனத்துக்குத் தூசி அடைந்து கிடந்தது. காற்றே உள்ளே போகாதபோது பத்தாவது ஒன்றாவது. நம் ஊர் வெயிலுக்கும் இதில் ஒரு கை உண்டு. சூடான காற்று லேசானது. மார்கழியில் 118 காட்டும் அதே லிவர் நிலை, அக்னி நட்சத்திரத்தில் நாலைந்து புள்ளி இறங்கித்தான் காட்டும். அப்போது லிவரை ஒரு துளி ஏற்றிக்கொள்வேன்.

எதிர் வீட்டில் ஒரு மிலிட்டரி அண்ணன் இருக்கிறார். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியும் காலையில் பஸ்கி எடுப்பவர். மெஷின் வந்த புதிதில் கேட்டில் நின்று, "இன்னா டீச்சரம்மா, பாலாத்துல தண்ணி இல்லன்னு வூட்டுக்குள்ளயே ஓடம் வுடுறீங்களா?" என்று சிரித்தார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதைப் பார்த்த ஊர்தான், ஆனாலும் ஆறு என்றால் மணல் என்பது எங்கள் பழக்கம். பிறகு ஒரு நாள் அவரே உட்கார்ந்தார். லிவரைப் பத்துக்குத் தள்ளினார். கழுத்து நரம்பு புடைக்க, முழங்கையை மடக்கி, தோளால் இழுத்தார். ஸ்ட்ரோக் ரேட் 36, அதாவது நிமிடத்துக்கு 36 இழுப்பு. திரையில் 500 மீட்டருக்கு 2:25, அதாவது 2 நிமிடம் 25 விநாடி. "இன்னாம்மா இது, நான் இம்மாம் வேகமா இய்த்துக்கினு கீறேன், நம்பரு எறங்கவே மாட்டேன்னுது."

லிவரை நாலுக்குக் கொண்டுவந்து, "அண்ணே, கை இருக்கறதையே மறந்துடுங்க. பலகையைக் கால்ல தள்ளுங்க. கை சும்மா கொக்கி மாதிரி மாட்டிக்கினு இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரத்தில் ரேட் 22-க்கு இறங்கியது, எண் 2:16-க்கு வந்தது. அவருக்கு நம்பவே முடியவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அந்தக் கணக்கு முக்கியம். இந்த மெஷினில் வாட் என்பது 2.80-ஐ, ஒரு மீட்டருக்கு ஆகும் விநாடியின் கனத்தால் (அதே எண்ணை மூன்று முறை வைத்துப் பெருக்கியது) வகுத்தால் வருவது. 2:25 என்றால் சுமார் 115 வாட், 2:16 என்றால் சுமார் 139 வாட். இதை இழுப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 36 ரேட்டில் 115 வாட் என்றால் ஓர் இழுப்புக்கு 190 ஜூல் சொச்சம். 22 ரேட்டில் 139 வாட் என்றால் 380 ஜூலுக்குப் பக்கம். அதே ஆள், அதே கால், அதே காலை வேளை. ஓர் இழுப்பின் வேலை இரண்டு மடங்கு.

இந்தக் கனக் கணக்கால்தான் இந்த மெஷின் ஆரம்பத்தில் தாராளமாகவும் போகப்போகக் கஞ்சமாகவும் தெரியும். 2:30-லிருந்து 2:15-க்கு வர நேரம் பத்து சதவீதம் குறைந்தால் போதும், அதற்கு வாட் 104-லிருந்து 142-க்கு ஏற வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி ஸ்மித் 2018-ல் 2000 மீட்டரை 5:35.8-ல் முடித்தார். அது சராசரியாக 590 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதனால் நான் ஸ்பிளிட்டை, அதாவது 500 மீட்டருக்கு ஆகும் நேரத்தைப் பார்ப்பதைக் குறைத்து, திரையில் வாட்டை வைத்துக்கொள்கிறேன். ஒரு விநாடி குறையவில்லையே என்று மனசு சோரும் நாளில் இரண்டு வாட் கூடியிருப்பது கண்ணில் படும்.

என் எண்களையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் அரை மணி நேரம் என்றால் ரேட் 28, ஸ்பிளிட் 2:45. அதாவது 78 வாட். இப்போது ரேட் 20, ஸ்பிளிட் 2:18, அதாவது 133 வாட். இழுப்புக்கு 167 ஜூலாக இருந்தது 400-ஐத் தொட்டிருக்கிறது. இதில் பாதிக்கு மேல் உடம்பு பழகியதால் வந்தது, மீதி டெக்னிக் என்று நினைக்கிறேன். பிரித்துச் சொல்ல வழியில்லை.

டெக்னிக் என்றால் நாலு கட்டம்: கேட்ச் (முன்னால் வந்து இழுப்பைத் தொடங்கும் இடம்), டிரைவ் (தள்ளி இழுப்பது), ஃபினிஷ் (இழுப்பின் முடிவு), ரெகவரி (திரும்பி முன்னால் வருவது). பெயரை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனமில்லை. கேட்சை மட்டும் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்கிறேன், எல்லாம் அங்கேதான் கெட்டுப்போகிறது.

சீட் முன்னால் வந்து நிற்கும் இடத்தில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை செங்குத்தாக இருக்க வேண்டும். அதற்கு மேலும் முன்னால் வழுக்கிப் போனால் குதிகால் ரொம்பத் தூக்கிக்கொள்ளும், தள்ளப் பிடிமானம் இருக்காது. கை நீட்டியே இருக்கட்டும். உடம்பு இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், முதுகு கூனக் கூடாது. தோள், இடுப்புக்கு முன்னால் இருக்கும். இப்போது பலகையைத் தள்ளுங்கள். சீட்டும் கைப்பிடியும் ஒரே நேரத்தில் நகர்கிறதா என்று பாருங்கள். சீட் மட்டும் பின்னால் ஓடி, கைப்பிடி அங்கேயே தங்கிவிட்டால், காலின் வேலை காற்றில் போச்சு. பிறகு அந்தப் பாரத்தைக் கீழ்முதுகு தனியாக இழுக்கும். இந்த மெஷினால் முதுகுவலி வந்தது என்று சொல்பவர்களில் நான் பார்த்த பலரிடம் இந்த ஒரு குறை இருந்தது. சரியாகத் தள்ளும்போது பாரம் உள்ளங்காலில் தெரியும், அடுத்து அக்குளுக்குக் கீழே முதுகுப் பக்கத் தசையில் தெரியும், முன்கையில் தெரியாது.

கால் கிட்டத்தட்ட நீண்டபிறகு உடம்பு பின்னால் சாயும், பிறகுதான் கை மடங்கிக் கைப்பிடி விலா எலும்பின் அடிப்பக்கம் வந்து தொடும். திரும்பும்போது அப்படியே தலைகீழ்: முதலில் கை நீளும், பிறகு உடம்பு சாயும், கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடங்கும். முழங்கால் முந்திக்கொண்டால் கைப்பிடியை அதன் மேலே தூக்கிச் சுற்ற வேண்டிவரும், செயின் மேலும் கீழும் ஆடும். செயின் ஒரே மட்டத்தில் போய் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தாலே வரிசை சரியா தப்பா தெரிந்துவிடும். திரும்புவதற்கு, தள்ளியதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேட்டை 20-ல் வைப்பதன் சூட்சுமமே இதுதான்: வேகமாகத் தள்ளு, மெதுவாக வா.

பக்கத்தில் கோச் இல்லாதவர்களுக்கு மானிட்டரில் ஒரு வரம் உண்டு, ஃபோர்ஸ் கர்வ். ஒவ்வொரு இழுப்பின் விசையையும் ஒரு கோடாக வரைந்து காட்டும். நல்ல இழுப்பு ஒரே ஒரு குன்றாக வரும், ஏற்றம் சீக்கிரமும் இறக்கம் நிதானமுமாக. நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு மேடாக வந்தால், கால் முடிந்த இடத்துக்கும் முதுகு ஆரம்பித்த இடத்துக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் தட்டையாக இருந்து கடைசியில் எகிறினால் கை அவசரப்படுகிறது. நான் வார்ம் அப் முழுக்க இந்தத் திரையைத்தான் பார்ப்பேன்.

பயிற்சிகளில் எனக்கு அதிகம் பலன் கொடுத்தது கால் வாரைப் போடாமல் இழுப்பது. கடைசியில் உடம்பை அதிகமாகப் பின்னால் எறிந்தால் கால் பலகையைவிட்டுக் கழன்றுவிடும், யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டாவது, கை நீட்டி உடம்பு சாய்ந்த நிலையில் ஒரு நொடி நின்றுவிட்டு முன்னால் வருவது. மூன்றாவது காலால் மட்டும் தள்ளுவது, கையும் முதுகும் அசையாமல். பார்க்க வேடிக்கையாக இருக்கும், என் மகள் வீடியோ எடுத்து உறவுக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டாள்.

பலத்துக்கென்று வாரத்தில் ஒரு நாள்தான். நின்ற சக்கரத்திலிருந்து பத்து இழுப்பு முழு மூச்சாக, பிறகு மூச்சு சீராகும்வரை மெதுவாக, திரும்பவும் பத்து. எண்களை ஒப்பிட வேண்டும் என்றால் டிராக் ஃபேக்டரை மாற்றாமல் இருக்க வேண்டும். இன்னொரு நாள் 500 மீட்டர் துண்டுகள், நடுவில் நல்ல ஓய்வோடு. மற்ற நாளெல்லாம் 18 - 20 ரேட்டில் நீளமாக, பேச்சு வரும் அளவு மூச்சில். மெஷினுக்கு வெளியே ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் சேர்த்த பிறகுதான் பத்து இழுப்பு வாட் அசைந்தது. மெஷின் மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சித்திரை, வைகாசியில் வேலூரில் இதெல்லாம் மாறிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கே சுவர் சூடாக இருக்கும். அதே 130 வாட்டுக்கு நாடித்துடிப்பு எங்கேயோ போய் நிற்கும். அந்த மாசங்களில் நீள இழுப்பை வெட்டிவிட்டு, சின்னச் சின்னதாகப் பலப் பயிற்சி மட்டும் வைத்துக்கொள்கிறேன், உப்பு போட்ட மோர் ஒரு சொம்பு பக்கத்தில். மெஷினுக்குக் கரண்ட் தேவையில்லை. மானிட்டருக்கு இரண்டு பெரிய பேட்டரி, இழுக்கும்போது சக்கரத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனால் மெஷின் ஓடும், மின்விசிறிதான் ஓடாது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. சீட் ஓடும் தண்டைத் தினமும் துணியால் துடைக்க வேண்டும், கறுப்பாகத் தடம் விழுந்தால் சீட் தடதடக்கும். ஐம்பது மணி நேர உபயோகத்துக்கு ஒருமுறை செயினுக்கு மினரல் ஆயில். கையில் கிடைத்த துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிடாதீர்கள், அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிடும். சர்வீஸ் ரோட்டுப் பக்கம் வீடு என்பதால் எனக்குத் தூசிதான் பெரிய வேலை. அவ்வப்போது கூண்டின் வலையை வேக்குவம் வைத்து உறிஞ்சுவேன், டிராக் ஃபேக்டர் உடனே ஏறிக் காட்டும். சத்தம் உண்டு, பெரிய டேபிள் ஃபேன் சத்தத்துக்குக் குறையாது. குழந்தை தூங்கும் அறையில் வைக்க முடியாது.

டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உட்கார வேண்டாம். மற்றபடி, வாங்குவதற்கு முன் டேப் எடுத்து ஹாலை அளந்துவிடுங்கள். மெஷினே எட்டு அடி நீளம், பயன்படுத்த ஒன்பதுக்கு நாலு அடி வேண்டும். இரண்டாகக் கழற்றி ஓரமாக நிறுத்தலாம், கருவி எதுவும் தேவையில்லை. நான் தனி ஆளாகச் செய்கிறேன். ஆனால் தினமும் கழற்றி மாட்ட வேண்டிய வீடு என்றால், நாலாவது வாரம் அது ஓரத்திலேயே நின்றுவிடும், அதன் மேல் துணி காயும்.