மறுபடி தொடங்கிய டயட், நகராத முள்: சோற்றை விடுவதா, எண்ணெயை அளப்பதா?

காரைக்குடியில் இப்போதெல்லாம் முதன்முறையாக டயட் தொடங்குகிறவரைப் பார்ப்பதே அரிது. எல்லாரும் மறுபடி தொடங்குகிறவர்கள்தான். ஒருமுறை எட்டு கிலோ குறைத்திருப்பார்கள். பிறகு மகள் திருமணம், ஒரு பிள்ளையார் நோன்பு, பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்த கோடை விடுமுறை என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏற்றிக்கொண்டு, தை பிறந்ததும் பழைய டயட் தாளைத் தேடி எடுப்பார்கள். முதல் இரண்டு வாரம் எடை இறங்கும். மூன்றாவது வாரம் முள் அப்படியே நிற்கும். போன முறை இப்படி ஆகவில்லையே என்பார்கள். போன முறையும் ஆகியிருக்கும். அப்போது இருந்த உற்சாகத்தில் கவனித்திருக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரையும் கூடவே பிடித்து வைக்கிறது. சோறு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது, நீரும் போகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் கொழுப்பின் கணக்கு, அது மெதுவானது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் நாளொன்றுக்குச் செலவழிப்பது 20 முதல் 30 கலோரி குறைகிறது என்றும், பசியோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது என்றும் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டு கிலோ குறைத்தவருக்குச் செலவில் 160 முதல் 240 கலோரி குறைவு, பசியில் 800 கலோரி கூடுதல். முள் நிற்பதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

ஆகவே மூன்றாவது வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். நான்கு வாரம் எடையும் இடுப்புச் சுற்றளவும் இரண்டுமே நகராவிட்டால்தான் அதைத் தேக்கம் என்று சொல்லலாம். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி ஒன்றிரண்டு கிலோ நீர் ஏறி இறங்கும் என்பதால் இந்த மாதத்து எடையைப் போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறியும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் எடை பார்ப்பது வீண் வேதனை.

தேக்கம் உண்மைதான் என்று தெரிந்த பிறகு முன்னால் இருக்கும் வழிகள் சில. எடையைக் குறைப்பதில் அவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வித்தியாசமெல்லாம், செட்டிநாட்டு அடுப்படியில் எது எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதில் இருக்கிறது.

பேலியோ, இரண்டாம் சுற்று

சோறு, இட்லி, சர்க்கரை என்று மாவுச்சத்தை விட்டுவிட்டு இறைச்சி, முட்டை, கொட்டை, காய் என்று சாப்பிடுவதுதான் பேலியோ. போன முறை எட்டு கிலோ குறைந்தது பெரும்பாலும் இதில்தான் என்பதால் எல்லாரும் முதலில் ஓடுவதும் இங்கேதான். ஊரின் சமையலும் இதற்குத் தோதானது. நாட்டுக்கோழி ரசம், சுக்கா, மீன் வறுவல், முட்டை, கீரை என்று அசைவக்காரர் அலுக்காமல் ஓட்டிவிடலாம். பசி அடங்கிக் கிடக்கும். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை அளவும் நன்றாக இறங்கும், மாத்திரை அளவை மருத்துவர் மாற்ற வேண்டிய அளவுக்கு.

ஆனால் இரண்டாம் சுற்றில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காலையில் 100 பாதாம் என்பது தமிழ்நாட்டுப் பேலியோவின் அடையாளம். நூறு பாதாம் சுமார் 120 கிராம், ஏறக்குறைய 700 கலோரி. 90 கிலோ ஆண் முதல்முறை தொடங்கியபோது அது சரியான காலை உணவு. 62 கிலோவில் தேங்கி நிற்கும் பெண்ணுக்கு அது நாளின் பாதி. வெண்ணெய்த் தேநீரும் பன்னீரும் சேர்ந்தால் மிச்சம் இருப்பது ரசத்துக்குத்தான் போதும். மாவுச்சத்து இல்லாவிட்டால் கலோரி கணக்கே கிடையாது என்ற நம்பிக்கைதான் இங்கே தேக்கத்தின் காரணம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 609 பேர் ஓராண்டு குறை மாவுச்சத்து, குறை கொழுப்பு என்று இரு பிரிவாகச் சாப்பிட்டார்கள். ஒரு பிரிவு சராசரியாக 6 கிலோ குறைத்தது, மற்றது 5.3 கிலோ. பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. பேலியோவில் இருப்பவர் ஒரு கல்யாண வீட்டில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் சாப்பிட்டால் மறுநாள் முள் ஒன்றரைக் கிலோ ஏறி நிற்கும். அது கொழுப்பு அல்ல. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக வேண்டும், எந்தப் பந்தியிலும் ஒருவேளையில் அது முடியாது. கிளைகோஜனும் நீரும் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தெரியாதவர்தான் எல்லாம் போயிற்று என்று அடுத்த வாரம் முழுவதும் பலகாரத்தில் இறங்கிவிடுகிறார். (கவுனி கருப்பாக இருப்பதால் எடையைக் குறைக்கும் என்று இப்போது ஒரு பேச்சு. அரிசி அரிசிதான், அதோடு சேரும் சர்க்கரை, தேங்காய், நெய் மூன்றுக்கும் நிறம் ஒரு பொருட்டில்லை.)

எண்ணெயை அளப்பது

இது கவர்ச்சியே இல்லாத வழி. பெயர்கூடக் கிடையாது. ஆனால் என் ஓட்டு இதற்குத்தான்.

செட்டிநாட்டில் டயட் என்றதும் எல்லாரும் சோற்றில் கைவைக்கிறார்கள். குழம்பை யாரும் தொடுவதில்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கும்போது பாருங்கள். வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றி, சோம்பும் வெந்தயமும் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கண்ணாடிபோல ஆகும்வரை வதக்கி, புளி கரைத்து ஊற்றிச் சுண்டவிடுவார்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து சிவப்பாக மேலே மிதக்கும்வரை அடுப்பிலிருந்து இறங்காது. எண்ணெய் பிரிவதுதான் பக்குவம். 50 மில்லி பிடிக்கும் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது. அது குழம்புக்கு மட்டும். வறுவலுக்கு வேறு, பொரியலுக்கு வேறு, இரவு தோசைக்கு வேறு. ஆளுக்கு 3 மேசைக்கரண்டி என்று வைத்தால் 360 கலோரி. அதே 360 கலோரிக்கு 275 கிராம் சோறு சாப்பிடலாம், ஒரு நல்ல தட்டு.

அளவு தெரிந்துகொள்ளத் தராசு வேண்டியதில்லை, மளிகைச் சீட்டு போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்றால் அதை இரண்டரை லிட்டராக்குவது ஆளுக்கு நாளொன்றுக்கு 170 கலோரியைக் குறைக்கும். எட்டு கிலோ குறைத்தவரின் உடல் செலவழிப்பில் குறைந்துபோன 160 முதல் 240 கலோரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தேங்கிய முள்ளை நகர்த்தத் தேவையான தொகையில் பெரும்பங்கு எண்ணெய்க் குவளையிலேயே இருக்கிறது.

செய்முறை எளிது. காலையில் அன்றைய எண்ணெயை ஒரு சிறு பாட்டிலில் ஊற்றி வைத்துவிட வேண்டும், நான்கு பேருக்கு 80 மில்லி. அது தீர்ந்தால் அன்று அப்பளம் சுட்டதுதான், பொரித்ததில்லை. புளிக்குழம்பு குறைந்த எண்ணெயில் பிரியாது என்பது உண்மை; வேண்டுமானால் வழக்கம்போல வைத்து, ஆறவிட்டு, மேலே மிதப்பதைக் கரண்டியால் எடுத்து மறுநாள் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். சுவை பெரும்பாலும் கீழே குழம்பிலேயே இருக்கும். கெட்டித் தேங்காய்ப்பால் சேர்க்கும் குருமாவுக்கு இந்த உபாயம் பலிக்காது. அங்கே அளவைக் குறைப்பது ஒன்றே வழி.

இதில் இரண்டு குறைகள். ஒன்று, அடுப்படி யார் கையில் இருக்கிறதோ அவர் சம்மதிக்க வேண்டும். ஆச்சி சமைக்கும் வீட்டில் மருமகள் எண்ணெய்ப் பாட்டிலை அளந்து வைப்பது அவ்வளவு லேசான காரியமல்ல. சமையல் ஆள் வைத்திருக்கும் வீட்டில் இன்னும் கடினம். இரண்டாவது, அளப்பதாக நினைத்துக்கொண்டு அளக்காமல் இருப்பது. குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரை 1992-இல் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாகக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. நான்கு மணிக்குக் காப்பியோடு போகும் தேன்குழலும் சீப்புச் சீடையும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

எண்ணெயைக் குறைத்த இடத்தில் புரதம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பசி வென்றுவிடும். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், தயிர், ஒரு துண்டு மீன், இவற்றில் ஏதாவது ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். உளுந்தும் பாசிப்பருப்பும் இருக்கிறதே என்று கும்மாயத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். கருப்பட்டியும் நெய்யும் கூடவே வருகின்றன.

மற்றவை

பதினாறு மணி நேர விரதம் இரவுப் பலகாரத்தை வெட்டுவதால் வேலை செய்கிறது, வேறு மாயம் எதுவும் இல்லை. சீனாவில் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கலோரிக் குறைப்போடு நேரக் கட்டுப்பாட்டையும் சேர்த்தவர்களுக்குக் குறிப்பிடும்படியான கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இரவு எட்டரைக்கு இடியாப்பமும் சொதியும் இல்லாமல் தூங்க முடிகிறவர் செய்யலாம். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இடைவெளி விடுவது கொஞ்சம் சுவாரசியமானது. ஆஸ்திரேலியாவில் பருமனான 51 ஆண்களிடம் செய்த ஆய்வில், இரண்டு வாரம் குறைப்பு, இரண்டு வாரம் எடை மாறாத அளவுச் சாப்பாடு என்று மாற்றி மாற்றிச் செய்தவர்கள், தொடர்ந்து 16 வாரம் குறைத்தவர்களைவிட அதிகம் இழந்தார்கள்: 14 கிலோ, மற்றவர்கள் 9. ஆனால் இவர்களுக்கு ஆன காலம் ஏறக்குறைய இரு மடங்கு. பின்னால் வந்த வேறு ஆய்வுகளில் இந்தப் பலன் அப்படியே கிடைக்கவும் இல்லை. இடைவெளி என்றால் அளவில்லாச் சாப்பாடு என்றும் பொருளில்லை. இருந்தாலும் மறுபடி தொடங்குகிறவருக்கு இதை எண்ணெய்க் கணக்கோடு சேர்த்துச் சொல்வேன். வீட்டில் கல்யாணம் வருகிறது என்று இரண்டு மாதம் முன்பே தெரியும். அந்த இரண்டு வாரத்தை இடைவெளி என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர், கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறார். குறித்துவைக்காதவர் அடுத்த தைக்குத்தான் திரும்புகிறார்.

உடற்பயிற்சியை மட்டும் நம்புவது வேண்டாம். ஒரு மணி நேர நடை 200 கலோரியை ஒட்டிச் செலவழிக்கும், அவ்வளவே. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடந்தவர்கள்கூட வழியெங்கும் கிடைக்கும் அன்னதானத்தால் பெரிதாக இளைத்துவிடுவதில்லை. அதற்காக அவர்கள் நடப்பதுமில்லை. பளு தூக்குவது வேறு கணக்கு. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்கு 13 கலோரிதான் எரிக்கிறது என்பதால் அதிலும் மாயம் இல்லை. ஆனால் போன முறை பட்டினியில் தசையையும் சேர்த்து இழந்து, திரும்ப ஏறும்போது கொழுப்பாக ஏற்றிக்கொண்டவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் பளுப் பயிற்சி அவசியம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆச்சிமார்களுக்கு இன்னும் அவசியம்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றான மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. பசியையே குறைப்பதால், மேலே சொன்ன 800 கலோரிப் பசிக்கு நேரான பதில் இந்த வகை ஊசிதான். அதிலும் தேக்கம் வரும், ஆனால் தாமதமாக. இதே வகையைச் சேர்ந்த செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. நீரிழிவோ கடும் பருமனோ உள்ளவர் மருத்துவரிடம் பேசலாம். கல்யாணத்துக்குள் ஐந்து கிலோ குறைக்க நினைப்பவருக்கு உரியதல்ல.

எண்ணெயை உண்மையாகவே அளந்து, இடுப்பையும் அளந்து, இரண்டு மாதம் எதுவும் நகராவிட்டால் அடுத்த டயட்டைத் தேடுவதை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., மூன்று மாதச் சர்க்கரை சராசரி, இளம்பெண்கள் என்றால் சினைப்பை நீர்க்கட்டிக்கான சோதனை. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் எடையைப் பிடித்து வைக்கக்கூடியவை.