விளம்பரம் செய்து தருகிறோம் என்று 2,850 ரிங்கிட்டைச் சுருட்டியவர்கள்: வீட்டில் தொழில் செய்வோர் கவனத்திற்கு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பலகாரம், தையல், மணப்பெண் அலங்காரம் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். சிறு வணிகங்களுக்கு இணையத்தில் விளம்பரம் செய்து தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு முகவர் நிறுவனம், என்னிடமிருந்து 2,850 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா முறுக்குகூட விற்றுத் தராமல், இப்போது புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) என் எண்ணைத் தடை செய்துவிட்டது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதால் பெயரை அங்கே சொல்லிவிட்டேன், இங்கே எழுதவில்லை. இப்படிப்பட்டவர்களை எப்படி அடையாளம் காண்பது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்கிறேன். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்கு வந்த பிறகு அம்மாவோடு சேர்ந்து தொடங்கிய தொழில் இது. தீபாவளிக்கு ஈப்போ, தைப்பிங் வரை ஆர்டர் எடுக்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தபோதுதான் அவர்களுடைய விளம்பரம் கண்ணில் பட்டது. விவரம் கேட்டு ஒரு வரி அனுப்பியதுமே அழைத்துவிட்டார்கள்.

பேசிய இளைஞர் எடுத்தவுடன் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "வணக்கம் அக்கா, எந்தத் தோட்டம் நீங்க?" என்றுதான் தொடங்கினார். தம்முடைய பாட்டியும் பால்மரம் சீவியவர் என்றும், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, அதாவது மர வரிசைக்குப் போவாராம் என்றும் சொன்னபோது, பக்கத்தில் மாவு சலித்துக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொலைபேசியை வாங்கி, அந்தத் தம்பியிடம் பாட்டியின் ஊர், பேர் எல்லாம் விசாரித்தார். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். பிறகு நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான சுருஹான்ஜாயா ஷரிக்காட் மலேசியாவில் பதிந்த சான்றிதழின் படம் வந்தது. வேறொரு பலகாரக் கடைக்கு இவர்கள் கொண்டுவந்த ஆர்டர்கள் என்று ஏறுமுகமாக ஒரு வரைபடமும் வந்தது. ஒரு பாட்டியையே கற்பனை செய்து பேசும் அளவுக்கு ஒருவர் போவார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

பக்கத்தைச் சீரமைக்க 850 ரிங்கிட், முகநூலுக்கு நேரடியாகப் போகும் விளம்பரப் பணம் 2,000 ரிங்கிட், ஆக 2,850 ரிங்கிட் என்றார்கள். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் பெயரில் இருப்பதேன் என்று கேட்டேன். "அது எங்க கணக்காளர் அக்கா, கம்பெனி கணக்கு வங்கியில புதுப்பிப்புல இருக்கு" என்று தயங்காமல் பதில் வந்தது. டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் போனது.

அவர்கள் செய்து கொடுத்த விளம்பரப் படத்தில் இருந்தது கை முறுக்கு. நான் விற்பதோ அச்சு முறுக்கு, பூப்போல விரிந்திருக்கும், சிறு பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். சொன்னதற்கு, "டிசைன்தான் அக்கா முக்கியம்" என்றார்கள். சில நூறு பேர் மட்டுமே இருந்த என் பக்கத்தில் திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்தார்கள். ஒருவருக்கும் முகமில்லை, பேராக் மாநிலத்துக்காரர் ஒருவர்கூட இல்லை. நெய் உருண்டைப் படத்தின் கீழே "நைஸ் ப்ராடக்ட் சார்" என்று வரிசையாகக் கருத்துகள் வந்தன. சாராம்!

ஆர்டர் ஏன் வரவில்லை என்று கேட்கும்போதெல்லாம் ஒரு புதுக் காரணம் கிடைத்தது. முதலில் விளம்பரம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது என்றார்கள், பிறகு அல்காரிதம் மாறிவிட்டது என்றார்கள், அதன்பின் இன்னொரு 1,000 ரிங்கிட் போட்டால்தான் வேகம் எடுக்கும் என்றார்கள். பாட்டியைப் பற்றிப் பேசிய தம்பி விடுப்பில் போய்விட்டாராம். அவருக்குப் பதிலாக வந்தவர் என்னை அக்கா என்றுகூடக் கூப்பிடவில்லை.

உண்மையை வெளியே கொண்டுவந்தவள் என் அண்ணன் மகள். முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகம் என்ற பக்கம் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது, எந்தப் பக்கத்தின் பெயரைத் தட்டினாலும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் தெரியும். என் விளம்பரம் ஓடுகிறது என்று அவர்கள் சத்தியம் செய்துகொண்டிருந்த நேரத்திலேயே என் பெயரில் அங்கே ஒன்றும் இல்லை. அவர்களுடைய சொந்த விளம்பரங்கள் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன, யார் பணத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரசீது கேட்டதற்கு, துல்லியமாக 2,000 ரிங்கிட் என்று அவர்களே தட்டச்சு செய்த ஒரு தாள் வந்தது. மலேசியாவில் இந்த விளம்பரக் கட்டணத்தோடு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். அந்தத் தாளில் வரி என்ற பேச்சே இல்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்றேன். "நீங்கள் வியாபாரி, பயனீட்டாளர் அல்ல, அங்கே எடுக்க மாட்டார்கள்" என்று எழுதிவிட்டுத் தடை செய்துவிட்டார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குவோரைத்தான் பயனீட்டாளர் என்கிறது, அந்த ஓட்டையைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சிறு வியாபாரிகளாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். ஆனால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைகளுக்கு வழக்கறிஞர் இல்லாமலே 198ஆம் படிவத்தை நிரப்பி வழக்குப் போடலாம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை போலும். 2,850 ரிங்கிட் அதற்குள் அடங்கும். ஒரு டப்பாவுக்கு எனக்கு நிற்பது ஏழு ரிங்கிட், அப்படியானால் நானூறு டப்பாவுக்கு மேற்பட்ட உழைப்பு அது. விடப்போவதில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், அடுப்பில் எண்ணெய் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். விளம்பரப் பணத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், உங்கள் சொந்த அட்டையில் இருந்தே முகநூல் கழிக்கட்டும். பக்கத்தின் முழு அதிகாரத்தைக் கைமாற்றாதீர்கள். பணம் போடும் முன் அந்தக் கணக்கு எண்ணின் மேல் மோசடிப் புகார் உண்டா என்று காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் இப்போதுதான் போனது என்றால் தாமதிக்காமல் தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். இதே ஆட்களிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகார் எண்ணைத் தருகிறேன்.