காலிபர்: தமிழ் மின்னூல் செய்பவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

மின்னூல் வாசிப்பவர், சிறிய அளவில் நூல் வெளியிடுபவர், இணையத்தில் தொடர்கதையும் ரசிகர் புனைவும் (ஃபேன் ஃபிக்‌ஷன்) எழுதுபவர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் பொதுவாக ஒரு மென்பொருளைச் சொல்ல வேண்டுமென்றால் அது காலிபர்தான். மின்னூல்களைச் சேர்த்து வைக்கவும், ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும், திருத்தவும் உதவும் இந்தக் கட்டற்ற மென்பொருளை 2006-இல் கோவிட் கோயல் எழுதத் தொடங்கினார். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கேட்காது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. இருந்தாலும் தமிழ்க் கோப்பைக் கொடுத்து எந்த அமைப்பையும் தொடாமல் ‘கன்வர்ட்’ அழுத்தினால் அரைகுறை நூல்தான் கிடைக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உள்ளே போகும் கோப்பைப் பொறுத்தே எல்லாம்.

காலிபருக்குக் கொடுக்கச் சிறந்தது வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு. பழைய டாக் வடிவத்தை அது வாங்காது; லிப்ரே ஆஃபிஸில் திறந்து டாக்எக்ஸாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். அத்தியாயத் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்கி நடுவில் வைத்தால் போதாது, ‘ஹெட்டிங் 1’ பாணியைக் கொடுத்தாக வேண்டும். காரணம் இருக்கிறது. காலிபர் இயல்பாக அத்தியாயங்களைக் கண்டுபிடிப்பது தலைப்புக் குறிகளில் உள்ள ‘சாப்டர்’, ‘பார்ட்’ போன்ற ஆங்கிலச் சொற்களை வைத்து. ‘அத்தியாயம் 12’ என்பது அதற்கு ஒன்றும் சொல்லாது. ஆகவே மாற்றும்போது ‘டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்’ பகுதியில் முதல் நிலைக்கு எதிரே உள்ள மந்திரக்கோல் பொத்தானை அழுத்தி, ‘ஹெட்டிங் 1’ பாணியைக் குறிக்கும் எச்1 குறியைத் தேர்ந்தெடுங்கள். பொருளடக்கம் ஒழுங்காக வந்துவிடும். ‘ஸ்ட்ரக்சர் டிடெக்‌ஷன்’ பகுதியிலும் அதையே கொடுத்தால் ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்கும்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது பிடிஎஃப்பில். அச்சகத்திலிருந்து வந்த பிடிஎஃப்பை அப்படியே ஈபப் என்ற மின்னூல் வடிவமாக்க முயன்றால் மூன்று விதமான சிக்கல்கள் வரும்.

ஒன்று, பக்கங்கள் வெறும் ஸ்கேன் படங்களாக இருப்பது. படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி காலிபரில் கிடையாது. டெசராக்ட் போன்ற எழுத்துணரி ஒன்றில் முதலில் எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்த்த பிறகே இங்கே வர வேண்டும். இரண்டாவது, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் காலத்து பாமினி, டாம், டாப் போன்ற எழுத்துருக்களில் கோத்த நூல்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துருவைப் பதித்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். தேடல், அகராதி, குரல் வாசிப்பு எதுவும் வேலை செய்யாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றிவிட்டுத் தொடங்குவதே வழி.

மூன்றாவதுதான் கண்ணில் படாமல் நழுவுவது. ஒருங்குறியிலேயே கோத்த பிடிஎஃப்களிலும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை பார்வைக்கு இருக்கும் வரிசையிலேயே வெளியே வருவதுண்டு. ‘கொடை’ என்பதன் ‘கொ’வில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் என்று வந்து விழும். ஒருங்குறியிலோ மெய்யெழுத்து முதலில், உயிர்க்குறி பின்னால்.

இதைக் காலிபரின் நூல் திருத்தியில் (‘எடிட் புக்’) ரெஜெக்ஸ் முறைத் தேடலால், அதாவது சொல்லுக்குப் பதில் எழுத்து வரிசையின் அமைப்பைக் கொடுத்துத் தேடுவதால், சரிசெய்யலாம். தேட வேண்டியது ([ெேை])([க-ஹ]), மாற்றாக இட வேண்டியது \2\1. அது முடிந்ததும் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும் இடங்களை ஒகரக் குறியாகவும், இரட்டைக்கொம்பும் காலும் நிற்பவற்றை ஓகாரக் குறியாகவும் மாற்றுங்கள். கோப்பு முழுவதும் கெட்டிருந்தால் மட்டுமே, அதுவும் ஒரே ஒரு முறை மட்டுமே இதை ஓட்ட வேண்டும். நல்ல தமிழில் ‘கெட’ என்று இருந்தால் அங்கேயும் கொம்புக்கு அடுத்து ஒரு மெய்தான் நிற்கிறது; இரண்டாம் முறை ஓட்டினால் சரியாக இருந்ததெல்லாம் குலைந்துபோகும். ‘க்ஷெ’ போன்ற கூட்டெழுத்துகளை இந்த விதி தவறாகப் பிரித்துவிடும் என்பதால் அவற்றைத் தனியே தேடிப் பார்ப்பது அவசியம். ஔகாரமும் அப்படித்தான்: அது கொம்போடு சேர்ந்த குறியா, தனி ளகரமா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். இத்தனைக்கும் பிறகு பக்க எண்களும் பக்கத் தலைப்பில் ஓடும் நூல் பெயரும் வாக்கியத்தின் நடுவே கிடக்கும். இருநூறு பக்க நூலுக்கு இந்த வேலையைப் பார்ப்பதைவிட, கோத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

தோற்றத்துக்கு வருவோம். தமிழ் எழுத்துரு இல்லாத வாசிப்புக் கருவிகளில் வெறும் கட்டங்களே தெரியும். ‘லுக் அண்ட் ஃபீல்’ பகுதியில் எழுத்துருவைப் பதிக்கும் வசதி உண்டு. நோட்டோ செரிஃப் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் விற்பனை நூலிலும் தயங்காமல் பதிக்கலாம். வரிகளை இருபுறமும் நேராக்கும் அமைப்பை விட்டு இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறு திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே அடங்கும்போது நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரமும் வேண்டாம். சில கருவிகள் ‘கொ’வில் பாதியைப் பெரிதாக்கி மீதியைச் சிறிதாக விட்டுவிடும். ‘டிரான்ஸ்லிட்டரேட் யுனிகோட்’ என்ற பெட்டியில் மறந்தும் டிக் போடாதீர்கள். நூல் முழுவதும் ஆங்கில எழுத்தாகிவிடும்.

நூல் விவரத்தில் மொழியைத் ‘தமிழ்’ என்று குறிப்பது பலர் விட்டுவிடும் வேலை. குரல் வாசிப்பும் அகராதியும் அதை நம்பித்தான் இயங்குகின்றன. ஆசிரியர் பெயர் இன்னொரு தலைவலி. காலிபர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக நினைத்து முன்னால் கொண்டுவரும். ‘உ. வே. சாமிநாதையர்’ சகரத்தின் கீழ் வரிசையாவது நமக்கு வசதிதான். இரண்டு சொல்லில் புனைபெயர் வைத்திருப்பவர்களின் நூல்கள் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். இதற்காக எல்லாருக்கும் ஒரே விதி போட வேண்டாம். ‘மேனேஜ் ஆதர்ஸ்’ பட்டியலைத் திறந்து, புனைபெயர்களுக்கு மட்டும் வரிசைப் பெயரைக் கையால் திருத்திவிடுவதே நல்லது.

ரசிகர் புனைவு படிப்பவர்களுக்கு இதிலுள்ள பெரிய வரம் ஃபேன்ஃபிக்ஃபேர் செருகுநிரல் (பிளக்-இன்). கதையின் முகவரியை ஒட்டினால் அட்டவணை, குறிச்சொற்களோடு ஈபப் ஆக்கித் தரும். தொடர்கதையில் புது அத்தியாயங்கள் வந்தால் பழைய ஈபப்போடு அவற்றை மட்டும் சேர்த்துவிடும். 2009-இல் திறந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ரசிகர் புனைவுத் தளம் ஈபப்பைத் தானே தருகிறது என்றாலும், ஐம்பது தொடர்களைப் பின்தொடர்பவருக்கு இந்தப் புதுப்பிக்கும் வசதிதான் முக்கியம். செருகுநிரலின் பட்டியலில் இல்லாத தளங்களில் இது வேலை செய்யாது. வலைப்பதிவில் வரும் தமிழ்த் தொடர் என்றால் ‘ஃபெட்ச் நியூஸ்’ பகுதியில் புதுப் பதிவுகளைத் தானாகத் தரும் அதன் ஓடையைச் (ஆர்எஸ்எஸ் ஃபீட்) சேர்த்துக்கொள்ளலாம். அங்கே இயல்பாக ஏழு நாள் பழைய பதிவுகள் வரைதான் எடுக்கும் என்பதால் அந்த எண்ணைக் கூட்டி வையுங்கள். இறக்கிய கதை சொந்த வாசிப்புக்கு மட்டுமே. எழுதியவரைக் கேட்காமல் குழுக்களில் கோப்பைப் பரப்புவது அவர் உழைப்பைத் தட்டிப் பறிப்பது.

அமேசானின் வாசிப்புக் கருவியான கிண்டிலுக்கு வயர் வழியாக அனுப்ப அந்நிறுவனத்தின் ஏஇசட்டபிள்யூ3 (AZW3) கோப்பு வடிவம் போதும். மின்னஞ்சலில் அனுப்புவதானால் 2022 முதல் ஈபப்பையே அமேசான் ஏற்கிறது. கைப்பேசிக்குத் தனிச் செயலி இல்லாவிட்டாலும் ‘கன்டென்ட் சர்வர்’ தொடங்கினால் வீட்டு வைஃபையில் 8080 வாயில் (போர்ட்) வழியாக முழு நூலகத்தையும் உலாவியில் திறக்கலாம். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் எல்லா நூல்களுக்குள்ளும் ஒரே நேரத்தில் சொல் தேட முடிகிறது. மேற்கோள் சரிபார்க்கும் பதிப்பாசிரியருக்கு இது ஒன்றே போதும், காலிபரை நிறுவுவதற்கு.

இரண்டு இடங்களில் இதைத் தவிர்க்கச் சொல்வேன். காலிபர் நூலகத்தை ஒத்திசையும் மேகக் கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறந்தால் அதன் தரவுத்தளம் கெட்டுப்போகக்கூடும். மேகத்தில் காப்புப் பிரதி மட்டும் போதும். அடுத்தது அச்சு. காலிபர் தரும் பிடிஎஃப்பில் வெட்டுக் குறிகளோ அச்சகத்துக்கான நான்கு வண்ணப் பிரிப்போ இருக்காது. அச்சு நூலுக்கு இன்டிசைன் அல்லது ஸ்கிரிபஸ் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளே சரி. ஸ்கிரிபஸின் 1.4 பதிப்பில் தமிழ் உடைந்துதான் வரும். 2024-இல் வந்த 1.6-ஐ நிறுவிக்கொள்ளுங்கள்.

விற்பனைக்கு ஏற்றும் முன் நூல் திருத்தியில் எஃப்7 அழுத்திப் பிழைகளைப் பாருங்கள். பிறகு அந்த ஈபப்பை ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஒரு கிண்டிலிலும் திறந்து, கு, டூ, ணை, ஸ்ரீ, க்ஷௌ ஆகிய ஐந்தும் வரும் பக்கமொன்றைப் பெரிதாக்கிச் சரிபார்த்துவிடுங்கள்.