கார்-டி தெரபி எடுத்தவங்க வீட்டுல இருந்து ஒரு ரிவ்யூ (5க்கு 3.5)

அப்பாவுக்கு டிஎல்பிசிஎல் வகை லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்துல வர்ற ஒரு புற்றுநோய். ஆர்-சாப் கீமோ முடிச்சு ஒரு வருஷம் கூட ஆகல, கழுத்துல மறுபடியும் கட்டி. அடுத்து குடுத்த கீமோவும் கேக்கல. அப்பதான் டாக்டர் நெக்ஸ்கார்19ங்குற கார்-டி தெரபி பத்தி, அதாவது நம்ம டி-செல்லயே (நோய் எதிர்ப்பு வெள்ளை அணு) மாத்தி கேன்சர அடிக்க விடுற சிகிச்சை பத்தி பேச்செடுத்தாரு. ஐஐடி பாம்பேவும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கினது, 2023 அக்டோபர்ல அனுமதி வாங்கிருக்கு, வெளிநாட்டுல மூணு நாலு கோடி ஆகுறது இங்க 30-40 லட்சத்துல முடியுதுன்னதும் ஊர்ல இருந்த நிலத்த வித்து இறங்கிட்டோம்.

ரத்தத்த டயாலிசிஸ் மாதிரி மெஷின்ல ஓடவிட்டு டி-செல்ல பிரிச்செடுத்து மும்பை பக்கம் லேபுக்கு அனுப்புறாங்க, அங்க ஜீன் ஒண்ண ஏத்தி, சிடி19ங்குற புரதம் மேல ஒட்டியிருக்குற பி-செல்ல (இந்த கேன்சர் வர்ற வெள்ளை அணு வகை) தேடிப்போய் அடிக்கிற மாதிரி மாத்தி, பெருக்கி, உறைய வச்சு திருப்பி அனுப்பணும். இந்த காத்திருப்புதான் கொடுமைங்க, கட்டி நமக்காக சும்மா இருக்குமா, அதுக்கு நடுவுல வேற கீமோ.

செல் ஏத்துறது ஒண்ணுமே இல்ல. சின்னப் பை, சீக்கிரமே முடிஞ்சிருச்சு, "இதுக்காடா நிலத்த வித்த"ன்னாரு அப்பா. ரூம் பூரா பூண்டு வாடை, உறைய வைக்க போடுற கெமிக்கலாம் அது.

அதுக்கப்புறம்தான் ஆட்டம். காய்ச்சல் தூக்கிருச்சு, பிபி இறங்கிருச்சு, அத அடக்க டோசிலிசுமாப்னு ஒரு மருந்து போட்டாங்க. மூளைய பாதிக்குதான்னு பாக்க தினமும் ஒரே வரிய எழுத சொல்வாங்க, நூறுல இருந்து பத்து பத்தா குறைச்சு எண்ண சொல்வாங்க. அப்பா எழுதின வரி "இட்லிக்கு சட்னி சரியில்லை". ஒரு நாள் காலைல "இட்லி"யோட நின்னுட்டாரு, பேனா அதே எடத்துல சுத்திட்டே இருக்கு. சிஸ்டர் கவனிச்சு உடனே டாக்டர கூப்பிட்டு ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க, ரெண்டு நாள்ல சட்னி திரும்ப வந்துச்சு. நர்ஸிங்குக்கு மட்டும் முழு மார்க்.

மார்க் குறைச்சது எங்கன்னா பில்லுல. ஆஸ்பத்திரி பேர் இங்க சொல்லல. பேக்கேஜ்னு சொன்ன தொகைல ஐசியூ இல்ல, டோசிலிசுமாப் இல்ல, ரத்தம் ஏத்துன செலவு இல்ல, இதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னிக்குதான் தெரியுது. இன்சூரன்ஸ்காரங்க பாதிக்கு மேல கைய விரிச்சிட்டாங்க. முன்னாடியே எதெல்லாம் சேரும்னு எழுத்துல வாங்கிருங்க. டிஸ்சார்ஜ் ஆனாலும் கொஞ்ச வாரம் ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்கணும், வண்டி ஓட்டக்கூடாது, அந்த வாடகையும் கணக்குல சேத்துக்கோங்க.

முதல் பெட் ஸ்கேன்ல கட்டி பாதிக்கு மேல கரைஞ்சிருந்துச்சு, அடுத்ததுல சுத்தம். ஆனா எல்லாருக்கும் இப்படின்னு சொல்ல மாட்டேன், ட்ரையல்லயே 73 சதவீதம் பேருக்குதான் கேட்டுச்சு, கேட்டவங்கள்லயும் நிறைய பேருக்கு சில மாசத்துல திரும்புது. நல்ல பி-செல்லும் சேந்து அழியறதால அப்பாவுக்கு சளி புடிச்சாலே பயம், நோய் எதிர்ப்புக்கு குடுக்குற இம்யூனோகுளோபுலின் ஊசி இன்னும் ஓடுது. அதுவும் பேக்கேஜ்ல கிடையாது.