ஆஸ்பிரின் மெத்தட் செய்து தந்த லேப்: வேலிடேஷனுக்கு நாலு ஸ்டார், டெவலப்மெண்டுக்கு ரெண்டு

எங்களுடையது சின்ன யூனிட். ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் மாத்திரையின் ஸ்டெபிலிட்டி சோதனைக்காக (நாள்பட மருந்து கெடுகிறதா என்று பார்ப்பது) எச்பிஎல்சி மெத்தட் (கரைசலில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் முறை) ஒன்றை உருவாக்கி, அது சரியாக அளக்கிறது என்று வேலிடேட் பண்ணித் தரச் சொல்லி ஒரு கான்ட்ராக்ட் லேபில் கொடுத்தோம். பெயரைப் போடவில்லை, இன்னும் அவர்களிடம் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கியதில் இவர்களுடையது நடுவாந்தரமான ரேட். ஆறு வாரம் என்றார்கள், பதினொன்று ஆனது. இந்த லைனில் அது சகஜம்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலிடேஷன் ரிப்போர்ட் சுத்தம். 80, 100, 120 சதவீதத்தில் மும்மூன்று ரெகவரி (சேர்த்த மருந்து எவ்வளவு திரும்ப அளவில் வருகிறது என்பது), ஆறு ஸ்டாண்டர்டு இன்ஜெக்ஷனில் ஆர்எஸ்டி, அதாவது முடிவுகளின் ஏற்ற இறக்கம், 2 சதவீதத்துக்கு ரொம்பக் கீழே, குரோமட்டோகிராம் (பொருளுக்கு ஒரு பீக், அதாவது முகடு, என்று கருவி வரையும் படம்) ஒன்றுவிடாமல் இணைப்பு. இன்டக்ரேஷனில் (பீக்கின் பரப்பைக் கணக்கிடுவதில்) கைவைத்த இடங்களில் காரணம்கூட எழுதியிருந்தது. ஆடிட்டர் முன்னால் தைரியமாக நீட்டலாம்.

கோளாறு அதற்கு முந்தைய கட்டத்தில். ஸ்டெபிலிட்டி மெத்தட் என்றால், மருந்தை அமிலம், காரம், பெராக்சைடு, வெப்பம், வெளிச்சம் என்று வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்து, அதில் முளைக்கிற எந்தப் பீக்கும் மருந்தின் பீக்குக்குள் ஒளிந்துகொள்ளவில்லை என்று காட்ட வேண்டும். இவர்கள் 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி 60 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரினை! காரத்தில் அது நிமிடக் கணக்கில் சாலிசிலிக் அமிலமாகிவிடும். ஆஸ்பிரின் பீக்கே மிச்சமில்லாதபோது எதற்குப் பீக் ப்யூரிட்டி (அந்தப் பீக்குக்குள் வேறு பொருள் இல்லையா என்று) பார்த்தார்கள்? வழக்கமாக 5 முதல் 20 சதவீதம் கெட்டால் போதும் என்பார்கள். எல்லா மருந்துக்கும் ஒரே டெம்ப்ளேட் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அதைக்கூட விடலாம். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்த மூன்றாம் மாத சாம்பிளில் சாலிசிலிக் அமிலம் வரம்பைத் தாண்டிவிட்டது. பேட்சை ஒதுக்கி வைத்தோம், பிளிஸ்டரில் ஈரம் புகுந்திருக்கும் என்று பேக்கிங் ஆட்களுக்குத் திட்டு வேறு விழுந்தது. அப்புறம் எங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவான க்யூசியில் ஒரு பெண் கவனித்தார்: ஒரே வயல் (நெல் வயல் இல்லை, சாம்பிளைக் கருவிக்குள் தானே செலுத்துகிற ஆட்டோசாம்ப்ளரில் வைக்கிற குப்பி), சாயங்காலம் ஓட்டினால் பாஸ், மறுநாள் காலை ஓட்டினால் ஃபெயில். மாத்திரை கெடவே இல்லை, குப்பிக்குள் இருந்த கரைசல்தான் கெட்டிருக்கிறது. மாத்திரையைக் கரைக்கிற டைலுயெண்ட் மெத்தனாலும் தண்ணீரும், ஆட்டோசாம்ப்ளரோ அறை வெப்பத்தில். ஆஸ்பிரின் தண்ணீரில் சும்மா இருக்குமா?

ரிப்போர்ட்டில் கரைசல் 24 மணி நேரம் தாங்கும் என்று இருக்கிறதே என்று போன் போட்டால், "சார், டேட்டா பாஸ்தானே சார்" என்றார் அனலிஸ்ட். பாஸ்தான், அஸேக்கு, அதாவது மொத்த மருந்தின் அளவுக்கு. அதில் அரை சதவீதம் குறைந்தாலும் 2 சதவீத வரம்புக்குள் அடங்கிவிடும். அதே அரை சதவீதம் சாலிசிலிக் அமிலமாக ஏறினால் எங்கள் கதை முடிந்தது. சாலிசிலிக் அமிலம் மாதிரி இம்ப்யூரிட்டிக்கு (வேண்டாத கலப்புக்கு) அந்தச் சோதனையைத் தனியாகப் பண்ணவே இல்லை.

இன்னொன்று, சாம்பிளைக் கருவிக்குள் தள்ளிக்கொண்டு போகிற திரவமான மொபைல் ஃபேஸின் பிஎச் 3.5. ஆஸ்பிரினின் பிகேஏ (அதன் பாதி அயனியாகிற பிஎச்) ஏறக்குறைய அதே எண். பஃபர் தயாரிக்கிறவர் கை கொஞ்சம் நடுங்கினாலும் பீக் இடம் மாறும், எங்களுக்கு மாறவும் மாறியது.

சண்டை போட்ட பிறகு அவர்களுடைய சீனியர் ஒருவர் நேரில் வந்தார், அவர் விஷயம் தெரிந்தவர். பிஎச்சை 2.5-க்கு இறக்கினார்கள், டைலுயெண்ட் அமிலம் சேர்த்த அசிட்டோநைட்ரைல் ஆனது, ஆட்டோசாம்ப்ளர் 5 டிகிரி. இப்போது அதே குப்பி மறுநாள் காலையிலும் பாஸ்.

இவர்களிடம் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் மருந்தைக் கெடுத்துப் பார்த்த டிக்ரடேஷன் குரோமட்டோகிராம்களையும், இம்ப்யூரிட்டிக்கான கரைசல் ஸ்டெபிலிட்டி டேட்டாவையும் கண்ணால் பார்க்காமல் வேலிடேஷன் புரோட்டோகாலில் கையெழுத்துப் போடாதீர்கள். திருத்திய மெத்தடை மறுபடி வேலிடேட் செய்ததற்குக் காசு கேட்கவில்லை. பொருட்களைப் பிரிக்கிற குழாயான புது சி18 காலம்னுக்கு (column) மட்டும் பில் வந்திருக்கிறது, இன்னும் கட்டவில்லை.