‘மான் தொங்கவிடுற பிறிட்ஜ்’ வாங்கப் போறீங்களா? காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ

மெல்பேர்ணில் வேட்டைக்குப் போகிற எங்கட ஆக்கள் இப்போது கொஞ்சப் பேர் சேர்ந்துவிட்டீர்கள். கராஜில் மான் தொங்கவிட ஒரு பழைய கடை பிறிட்ஜ் தேடுகிறீர்கள் என்றும் தெரியும், போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனேன். என்னுடைய 1,150 டொலரும் இரண்டு மானும் எப்படிப் போனது என்பதை ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

வேட்டை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். விக்ரோறியாவில் மான் சுட, துவக்கு லைசென்ஸ் மட்டும் போதாது, வேட்டை லைசென்ஸும் வேண்டும். கிடைக்கிற இறைச்சியை வீட்டுக்கு வைக்கலாம், விற்க ஏலாது. இங்கத்தைய மலைக்காட்டில் திரிகிற சம்பர் வேறொன்றும் இல்லை, எங்கட மரைதான். 1860களில் வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து விட்டது. நாங்கள் போவது பெரும்பாலும் பலோ மானுக்கு. அது ஐரோப்பாவிலிருந்து வந்த சாதி, மரையைவிட நல்ல சின்னது, ஒருவர் தனியாகத் தூக்கி யூட்டில் (பின்தட்டு வைத்த வாகனத்தில்) போடலாம்.

அப்பா காலத்தில் வன்னியில் உப்புப் போட்டு வத்தலாக்கினால் வேலை முடிந்தது. இங்கே அப்படியில்லை. சுட்ட உடனே வெட்டி உறைய வைத்தால் இறைச்சி றப்பர் மாதிரி இழுபடும். தோலுரித்து, 0 தொடக்கம் 4 பாகைக்குள் நாலைந்து நாள் தொங்கினால்தான் பதம் வரும். அதற்குத்தான் இந்தப் பிறிட்ஜ். குளிர்பானக் கடையில் கழித்துவிட்ட இரண்டு கதவுப் பெட்டியை வாங்கி, தட்டுகளைக் கழற்றி, மேலே ஒரு பைப்பைப் பூட்டினால் ‘மான் சில்லர்’. தன்னளவில் பிழையான யோசனை இல்லை. ஒழுங்காகச் செய்து பத்து வருசம் பாவிக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.

நான் வாங்கினது இணைய விளம்பரம் பார்த்து. படத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முழு மான் ஒன்று தொங்குகிறது, மேலே சிவப்பு எழுத்தில் 2 பாகை. போய்ப் பார்த்தேன். ஆள் நல்ல கலகலப்பு, தானும் வேட்டைக்காரன்தான் என்று கதை. ஷெட்டுக்குள் இதே மாதிரி இன்னும் நாலு பெட்டி நின்றது. என்னுடையது ஓடிக்கொண்டிருந்தது, கையை வைத்தால் சில்லென்று குளிர். பழைய தேர்மோஸ்டாற்றைக் கழற்றிவிட்டு டிஜிற்றல் ஒன்று போட்டிருக்கிறேன் என்றார். குழாய்க்குள் ஓடிக் குளிராக்குகிற காஸும் தன் கையாலேயே புதுசாக அடித்ததாகப் பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். உள்ளே பக்கச் சுவரில், விவரத் தகடு இருக்கவேண்டிய இடத்தில், மான் தலை போட்ட ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. வடிவாக இருக்கிறதே என்று நினைத்த விசரன் நான்.

காசாகக் கொடுத்தேன். துண்டு (பற்றுச்சீட்டு) கேட்டதற்கு, இது தனியார் விற்பனை, துண்டெல்லாம் இல்லை என்றார். நாலு பெட்டி அடுக்கி வைத்திருக்கிறவருக்கு என்ன தனியார் விற்பனை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் கடைசியில் வருகிற அன்சாக் நாள் விடுமுறைக்கு, மெல்பேர்ணுக்குக் கிழக்கே கிப்ஸ்லாந்துப் பக்கம், எங்களுக்கு அனுமதி தந்த ஒரு பண்ணைக்காரரின் காணிக்குப் போனோம். ஒரு கிடாய், ஒரு பிணை. குடலெடுத்து, உரித்து, இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து கொழுக்கியில் மாட்டினோம். இரண்டும் சேர்ந்து 85 கிலோ வரும். மாட்டும்போது பைப் ஒரு சின்னச் சத்தம் போட்டது, ‘டக்’ என்று. நண்பன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். “ஒண்டும் இல்லை மச்சான், இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் 3 பாகை. பின்னேரம் 2. அடுத்த நாளும் 2. கண்ணாடி மட்டும் உள்பக்கம் வியர்த்திருந்தது. கதவைத் திறந்து குளிரை விடக்கூடாது என்று நான் திறக்கவேயில்லை, வெளியே நின்று பாகை இலக்கத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் பின்னேரம் மனைவி கராஜில் உடுப்புக் காயப்போடப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

திறந்தேன். இலக்கம் அப்பவும் 2 பாகைதான். உள்ளே காற்று வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தது. வெளிப்பக்கம் முழுக்கப் பிசின் மாதிரி வழுவழுப்பு. தொடை பொருந்துகிற மூட்டில் கத்தியை விட்டால், எலும்பைச் சுற்றிப் பச்சை பாய்ந்த சதை. அந்த மணத்தை எழுத விருப்பமில்லை. வீட்டு இறைச்சித் தேர்மோமீற்றரைத் தொடைக்குள் குத்தினேன்: 15 பாகை. இந்த நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியில் 5 தொடக்கம் 60 பாகை வரை ஆபத்தான எல்லை. அதற்குள் மூன்று நாள் இருந்ததை நாய்க்கும் போட ஏலாது. இரண்டையும் குழி தோண்டித் தாட்டோம். கிடாயைக் குழிக்குள் இறக்கும்போது எனக்கு வந்த வெட்கம் காசு போனதால் வந்ததல்ல.

பிறிட்ஜ் திருத்துகிற தம்பி ஒருவர், காஸ் கையாள லைசென்ஸ் உள்ளவர், வியாழக்கிழமை வந்தார். மூடியைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணை, இஞ்ச வந்து பாருங்கோ. பாகை அளக்கிற சென்சர் எங்க கட்டிக் கிடக்கு எண்டு தெரியுதோ?”

குளிர் சுருளுக்குள் காஸ் நுழைகிற முதல் குழாயில், பிளாஸ்ரிக் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தது. காஸ் குறைந்த பெட்டியில் அந்த முதல் ஒரு சாண் மட்டும் பனி பிடிக்கும், மிச்சச் சுருள் சும்மா கிடக்கும். சென்சர் இருந்தது சரியாக அந்தப் பனியில். அது 2 பாகை என்று சொன்னது பொய்யில்லை, அந்த ஒரு சாண் குழாயின் உண்மை அது. குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மெசினும் நின்று நின்று ஓடியிருக்கிறது, உள்ளே இறைச்சி அவிந்துகொண்டிருக்கும்போது. சென்சர் இருக்கவேண்டிய இடம், பெட்டியைச் சுற்றிவிட்டு விசிறிக்குத் திரும்பி வருகிற காற்றில்.

“காஸ் புதுசா அடிச்சதெண்டு சொன்னவர் தம்பி.”

“அடிச்சிருப்பார். சீல் பண்ணின சிஸ்டத்தில காஸ் தானாக் குறையாது அண்ணை. குறையுது எண்டா எங்கயோ ஓட்டை. ஓட்டையை விட்டிட்டு அடிக்கிறது ஓட்டைச் சட்டியில தண்ணி ஊத்துற மாதிரி.”

ஓட்டையைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மறக்காது. நைதரசன் ஏற்றிவிட்டு, குழாய் நெடுகச் சவர்க்காரத் தண்ணி பூசிக்கொண்டு போனார். ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ யோசித்து, மான் தொங்கின பைப்பின் பின்பக்கத் தாங்கியில் பூசினார். ஒரு ஸ்குரூவின் தலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி, சோடாவில் வருகிற மாதிரி. பின்சுவருக்குள் ஓடுகிற காஸ் குழாயில் அந்த ஸ்குரூ ஏறியிருக்கிறது. ஓட்டை போட்டதும் அதுதான், அந்த ஓட்டைக்குத் தக்கையாக இருந்ததும் அதுதான். வெறும் பெட்டியாக ஓடும்போது கசிவு மெல்ல. 85 கிலோ தொங்கியதும் தாங்கி அசைந்து தக்கை இளகிவிட்டது. அந்த ‘டக்’ அதுதான்.

இந்தப் பெட்டிகளின் சுவர், மெல்லிய தகட்டுக்குள் நுரை அடைத்தது. கனம் தாங்கச் செய்ததல்ல. அதில் ஸ்குரூ பூட்டி மிருகத்தைத் தொங்கவிடுவதே பிழை. உள்ளே நிலத்தில் கால் ஊன்றி நிற்கிற இரும்புச் சட்டம் ஒன்று வெல்டிங் பண்ணி வைத்து, அதில்தான் பைப்பைப் போடவேண்டும். கனம் முழுக்க நிலத்துக்குப் போகும், சுவரில் ஒரு துளையும் தேவையில்லை. மற்றப் பழுதுகளையும் தம்பி காட்டினார்: தண்ணி வடிகிற துளை சிலிக்கனால் அடைபட்டிருந்தது, லைற் வயர் வெறும் நாடா சுற்றின முடிச்சு, அதற்கு நேர் கீழே இரத்தத் தண்ணி தேங்கியிருந்தது. ஸ்ரிக்கரை நகத்தால் கிளப்பினால், கீழே தகடு சுரண்டப்பட்டிருக்கிறது. என்ன காஸ், எத்தனை கிராம் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

திருத்த 700 டொலர் மட்டில் வரும் என்றார், மெசின் தாங்குமா என்பதற்கும் உத்தரவாதமில்லை. விட்டுவிட்டேன்.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். முதல் தடவை, சூடான இறைச்சியை வைத்தது உன் பிழை என்றார். அதில் கால்வாசி உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 85 கிலோ இறைச்சியை 30 பாகை இறக்குவதென்றால் இரண்டரை யூனிற் மின்சாரத்தின் அளவு வெப்பத்தை வெளியே எடுக்கவேண்டும். குளிர்பானப் பெட்டி குளிர்ந்த போத்தலைக் குளிராக வைத்திருக்கச் செய்தது, அதற்கு நேரம் எடுக்கும். கொஞ்ச நேரம் வெளியில் ஆறவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் இதை மானுக்கென்றே செய்ததாகச் சொல்லி விற்றது நானில்லை. இரண்டாம் தடவை எடுக்க, என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்.

நுகர்வோர் அலுவலகத்தில் விசாரித்தேன். வியாபாரமாக விற்கிறவர் என்றால் பழைய சாமானுக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு, 75 டொலருக்கு மேலென்றால் துண்டும் கொடுத்தே ஆகவேண்டும். தனி ஆள் தன் சாமானை விற்றால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. ஆளின் முழுப்பெயரும் விலாசமும் என்னிடம் இல்லை. ஷெட்டுக்குத் திரும்பப் போனால் அங்கே கார் ரயர் விற்கிறார்கள்.

இன்னொன்று வாங்கினால் நான் செய்யப்போவது: இரண்டு இருபது லீற்றர் தண்ணிக் கானோடு போவேன். குழாய்த் தண்ணி நிரப்பி உள்ளே வைத்து, என் தேர்மோமீற்றரைத் தண்ணிக்குள் விட்டு, அடுத்த நாள் வந்து பார்ப்பேன். பெட்டியில் எரிகிற பாகை இலக்கத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டேன். இரவு முழுக்க விட ஏலாது என்கிறவரிடம் அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இல்லை.

இதை எழுத வைத்தது நேற்று வந்த விளம்பரம். வேறு பெயர், வேறு ஊர், விலை 1,300 டொலர். படம் மட்டும் அதே படம், அதே மான், அதே 2 பாகை. இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தேன். கொழுக்கிக் கயிறு தொய்ந்து கிடக்கிறது. மானின் கழுத்தும் முன்னங்காலும் பெட்டியின் அடித்தளத்தில் வடிவாக ஊன்றியிருக்கின்றன.